என் உடம்புக் கணக்கு என் கையில்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், சர்க்கரை நோயுடன் பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் ஓர் உறுப்பினர் ஆற்றிய உரை. பல குழுக்கள் கேட்டுக்கொண்டதால், அவர் பேசிய நடையிலேயே இங்கே தருகிறோம்.)



என்னை சர்க்கரை நோயைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. எட்டாவது வரைக்கும் படிச்சவ. "எனக்கு என்ன தெரியும் பேச?"ன்னு கேட்டேன். "உங்களுக்கு 2011-லிருந்து சர்க்கரை இருக்கே, அது போதாதா?"ன்னாங்க தலைவி அக்கா. வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பார்த்தேன். ஒரு சின்னக் கணக்குப் போட்டேன்.

மாசத்துக்கு ஒரு தடவை டாக்டரைப் பார்க்கிறோம். கூட்டம் இருக்கிறதால அஞ்சு நிமிஷம் பார்த்தால் பெரிசு. வருஷத்துக்கு 12 தடவை, மொத்தம் 60 நிமிஷம், அதாவது ஒரு மணி நேரம். ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். மீதி 8,759 மணி நேரமும் இந்த நோயோட இருக்கிறது யாரு? நாமதான். சாப்பிடும்போதும், களை எடுக்கும்போதும், கல்யாண வீட்டுப் பந்தியில உட்காரும்போதும் முடிவு எடுக்கிறது நாமதான். அப்போ இந்த நோயைப் பத்தி நமக்குத் தெரிஞ்சது ஒண்ணுமே இல்லைன்னு எப்படிச் சொல்ல முடியும்? ஆனா சும்மா அனுபவப்பட்டால் மட்டும் அது அறிவு ஆகிடாது. அதைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன்.

அத்தை சொன்னதை நாங்க கேட்கவில்லை

முதல்ல என் மாமியார் கதை. எங்க அத்தைக்கும் சர்க்கரை இருந்தது. "கால் பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குடி, தரை தெரியலை"ன்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஒரு நாள் செருப்பு வாசல்லயே கழண்டு விழுந்தது கூடத் தெரியாம உள்ளே நடந்து வந்தாங்க. நாங்க எல்லாரும் சிரிச்சோம். "வயசாச்சு, மறதி"ன்னோம்.

2006-இல் கருவேல முள் ஒண்ணு பாதத்துல ஏறி உடைஞ்சு உள்ளேயே தங்கிடுச்சு. அவங்களுக்கு வலியே தெரியலை. நாத்தம் வந்த பிறகுதான் பாதத்தைத் திருப்பிப் பார்த்தோம். முட்டிக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

சர்க்கரை ரொம்ப நாள் கூடுதலா இருந்தா நரம்பு கெட்டு, பாதத்துல உணர்ச்சி போயிடும். அதை "பஞ்சு மேல நடக்கிற மாதிரி"ன்னு அத்தை எவ்வளவு சரியாச் சொல்லியிருக்காங்க பாருங்க. எந்தப் பரிசோதனையும் சொல்றதுக்கு முன்னாடி அவங்க உடம்பு அவங்களுக்குச் சொல்லிடுச்சு. அவங்களும் எங்ககிட்ட சொன்னாங்க. நாங்கதான் அதை ஒரு தகவலா எடுத்துக்கலை, கிழவி புலம்பலா எடுத்துக்கிட்டோம். டாக்டர்கிட்டயும் யாரும் சொல்லலை. இது இன்னிக்கும் என் மனசுல முள்ளாத்தான் இருக்கு.

நாக்கு சொன்னதை நம்பினேன்

2011-இல் எனக்கே சர்க்கரை வந்தது. மாத்திரை கொடுத்தாங்க. ஒரு வருஷம் சரியாச் சாப்பிட்டேன். அப்புறம் உறவுக்காரர் ஒருத்தர், "சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிடு, மாத்திரையே வேணாம்"னார். பொடியை வாயில போட்டுக்கிட்டு வெல்லத்தைக் கடிச்சேன். இனிப்பே தெரியலை, மண்ணு மாதிரி இருந்தது. "ஆஹா, சர்க்கரையை அப்படியே கொன்னுடுச்சு"ன்னு நம்பி மாத்திரையை நிறுத்திட்டேன்.

மூணு மாசம் கழிச்சு ரத்தம் கொடுத்துப் பார்த்தால், மூணு மாச சராசரி சொல்ற பரிசோதனையில 8.1 இருந்தது 11.2-க்கு ஏறியிருந்தது. பிறகுதான் விஷயம் புரிஞ்சது. சிறுகுறிஞ்சான் இலை நாக்குல இனிப்புச் சுவையைக் கொஞ்ச நேரம் மறைக்கும். நாக்குல இனிப்பு தெரியலைன்னா ரத்தத்துல சர்க்கரை இல்லைன்னு ஆகிடுமா? நான் என் கண்ணால பார்த்தது, நாக்கால ருசிச்சது எல்லாம் உண்மைதான். ஆனா அதுல இருந்து நான் எடுத்த முடிவு தப்பு. அளந்து பார்க்காத அனுபவம் ஆளைக் கவிழ்த்துடும்.

அந்த மூணு மாசப் பரிசோதனை ஏன் மூணு மாசம்னு நர்சம்மாகிட்ட கேட்டேன். நம்ம ரத்தத்துல இருக்கிற சிவப்பு அணு சுமார் 120 நாள் உயிரோட இருக்குமாம். அத்தனை நாளும் எவ்வளவு சர்க்கரையில ஊறிச்சோ அவ்வளவு அதுமேல ஒட்டிக்கிட்டு இருக்குமாம். அதனால முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து அந்தப் பரிசோதனையை ஏமாத்த முடியாது. பாஸ்புக்கு மாதிரி, பழைய வரவு செலவு எல்லாம் அதுல இருக்கும்.

வயலில் விழுந்த நாள்

திரும்பவும் மாத்திரைக்கு வந்தேன். ரெண்டு வகை மாத்திரை கொடுத்தாங்க. ஒண்ணு மெட்பார்மின், இன்னொண்ணு கிளிமிபிரைடு. ஒவ்வொரு தடவை பரிசோதனைக்குப் போகும்போதும் சர்க்கரை கூடுதலாவே இருந்தது. "வாயைக் கட்டலையா?"ன்னு திட்டு விழும். மாத்திரை அளவு ஏறும். நான் உண்மையிலேயே வாயைக் கட்டித்தான் இருந்தேன். யார் நம்புவாங்க?

2014-இல் நடவு வேலை. காலையில 6 மணிக்கு மாத்திரை போட்டு, ஒரு சொம்பு கூழ் குடிச்சிட்டுப் போவேன். அன்னிக்கு 12 மணி இருக்கும். கை நடுங்குது. வெயில் இல்லாத நாள்ல வேர்த்துக் கொட்டுது. பக்கத்துல நட்டுக்கிட்டு இருந்தவ ஏதோ கேட்டதுக்குக் காரணமே இல்லாம எரிஞ்சு விழுந்தேன். அப்புறம் கண்ணு இருட்டி, நாத்துக் கட்டோட சேத்துல சாய்ஞ்சிட்டேன். "மயக்கம், தண்ணி தெளிங்க"ன்னாங்க. "சாமி வந்திருக்கு"ன்னு கூட ஒருத்தர் சொன்னாங்களாம்.

எங்களோட வேலைக்கு வர்ற ஒரு பெரியம்மா, அவங்களும் சர்க்கரைக்காரங்கதான், கையெழுத்துக் கூடப் போடத் தெரியாதவங்க, ஓடி வந்தாங்க. என் கழுத்துல கை வெச்சுப் பார்த்தாங்க. ஜில்லுன்னு வேர்த்திருந்தது. "இது சர்க்கரை இறங்கிப் போச்சு. எனக்கும் இப்படித்தான் வரும். முழுங்குறாளா பாருங்க"ன்னு கேட்டு, நான் முழுங்குறேன்னு தெரிஞ்ச பிறகு, டீ போடக் கொண்டுவந்திருந்த சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிக்க வெச்சாங்க. பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல எழுந்து உட்கார்ந்தேன். அந்த வயல்ல அன்னிக்கு நிபுணர் யாருன்னு நீங்களே சொல்லுங்க.

சர்க்கரை ஏறினா ஆபத்துன்னு எல்லாரும் சொல்றாங்க. இறங்கினா அதைவிட அவசர ஆபத்துன்னு எனக்கு அதுவரைக்கும் யாரும் விளங்கச் சொல்லலை.

ஒரு நோட்டும் 50 ஸ்ட்ரிப்பும்

அந்த வாரம் குழுக் கூட்டத்துல உள்கடன் கேட்டேன். சர்க்கரை பார்க்கிற மெஷினும் 50 ஸ்ட்ரிப்பும் வாங்க 2,500 ரூபாய். "கறவை மாட்டுக்குக் கடன் கேட்பாங்க, தையல் மெஷினுக்குக் கேட்பாங்க, இது என்ன புது மெஷின்?"னு ஒரு அக்கா கேட்டாங்க. "நான் விழுந்துட்டா என் தவணையை யாரு கட்டுவாங்க?"ன்னு கேட்டேன். தீர்மான நோட்டுல எழுதினாங்க. மாசம் 250 வீதம் 10 தவணையில, வட்டியோட கட்டி முடிச்சேன்.

ஸ்ட்ரிப்பு ஒவ்வொண்ணும் காசு. தினமும் குத்திப் பார்க்க நமக்குக் கட்டாது. அதனால ஒரு வாரத்துக்கு ஒரு கேள்வின்னு வெச்சுக்கிட்டேன். ஒரு வாரம், "வேலைக்குப் போற நாள்ல 11.30 மணிக்கு எவ்வளவு? வீட்ல இருக்கிற நாள்ல அதே 11.30-க்கு எவ்வளவு?" இன்னொரு வாரம், "களி சாப்பிடறதுக்கு முன்னாடி எவ்வளவு? ரெண்டு மணி நேரம் கழிச்சு எவ்வளவு?" பழைய குழுக் கணக்கு நோட்டுல மிச்சம் இருந்த பக்கத்துல கோடு போட்டேன். தேதி, மணி, என்ன சாப்பிட்டேன், என்ன வேலை, மாத்திரை போட்டேனா, எவ்வளவு காட்டுச்சு, உடம்பு எப்படி இருந்தது. இவ்வளவுதான்.

தப்பும் பண்ணினேன். ஒரு நாள் 312 காட்டுச்சு. பயந்துட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, மாம்பழம் நறுக்கிட்டு கையைக் கழுவாமலே குத்தியிருக்கேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைச்சிட்டுப் பார்த்தால் 168. விரல்ல இருந்த மாம்பழச் சாறு கொடுத்த கணக்கு அது. விரல் நுனி நடுவுல குத்தாம ஓரத்துல குத்தினா வலி குறைவுன்னும் நானே பார்த்துக் கத்துக்கிட்டேன்.

கேழ்வரகு எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்னு ஊரே சொல்லும். நோட்டு வேற சொல்லுச்சு. ரெண்டு உருண்டை களி, வெறும் குழம்பு: ரெண்டு மணி நேரம் கழிச்சு 246. ஒரு உருண்டை களி, கீரை, ஒரு கிண்ணம் சுண்டல்: 178. இது என் உடம்புக் கணக்கு. உங்க உடம்புக்கு வேற மாதிரி வரலாம். அதனாலதான் அவங்கவங்க நோட்டு அவங்கவங்களுக்கு வேணும்.

டாக்டரம்மா நோட்டைப் பார்த்தாங்க

ரெண்டு மாசம் எழுதின நோட்டை எடுத்துக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். நடவு நாள்ல 11.30-க்கு 61, 66, 58. வீட்ல இருந்த நாள்ல அதே நேரத்துக்கு 140-லிருந்து 160. பரிசோதனைக்குப் போன நாள்ல மட்டும் 230-க்கு மேல.

டாக்டரம்மா பக்கம் பக்கமாத் திருப்பினாங்க. "பரிசோதனைக்கு வர்ற அன்னிக்கு என்னம்மா பண்றீங்க?"ன்னாங்க. வெறும் வயித்துல வரணும்னு சொன்னதால அன்னிக்குக் காலை மாத்திரை போடறதில்லை. பஸ் பிடிச்சு, வரிசையில நின்னு, ரத்தம் கொடுக்கவே நேரமாகிடும். சாப்பிட்டு ரெண்டாவது தடவை ரத்தம் கொடுக்கணும்னு கடையில நாலு இட்லி, ஒரு வடை, சர்க்கரை போட்ட டீ. அன்னிக்கு உடம்புக்கு வேலையும் கிடையாது. அதாவது, என் வருஷத்துல எந்த நாள் என் வழக்கமான நாள் இல்லையோ, அந்த நாளைப் பார்த்துத்தான் மாத்திரை ஏறிக்கிட்டே போயிருக்கு. யாரும் வேணும்னு செய்யலை. அவங்ககிட்ட இருந்தது அந்த ஒரு நாள் கணக்கு மட்டும்தான்.

டாக்டரம்மா விளக்கினாங்க. மெட்பார்மின் தனியாப் போட்டா சர்க்கரை ரொம்ப இறங்கறது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படி இல்லை. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாடு தள்ளிப்போனாலும், வேலை கூடினாலும் அது விடாது, இறக்கிடும். அந்த மாத்திரையோட அளவை அவங்களே குறைச்சாங்க. வேலை நாள்ல 10 மணிக்கு ஏதாவது சாப்பிடணும்னாங்க. அதுக்குப் பிறகு நான் வயல்ல விழலை.

கவனிச்சீங்களா? நானா மாத்திரையைக் குறைக்கலை. சிறுகுறிஞ்சான்ல பட்ட அடி போதும். எனக்குத் தெரிஞ்சது என் நாள். அவங்களுக்குத் தெரிஞ்சது அந்த மருந்து. ரெண்டு அறிவும் ஒரே மேசையில உட்கார்ந்த பிறகுதான் வழி பிறந்தது.

இன்னொரு தேசத்தில் ஒருத்தர்

நர்சிங் படிச்ச என் மகள் ஒருத்தரைப் பத்திச் சொன்னா. அமெரிக்காவுல ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன்னு ஒரு பொறியாளர். 1946-இல் 12 வயசுலயே சர்க்கரை வந்து, இன்சுலின் ஊசியில வாழ்ந்தவர். 1969-இல் ரத்தச் சர்க்கரை பார்க்கிற மெஷின் வந்ததைக் கேள்விப்பட்டார். ஒண்ணரைக் கிலோ எடை, விலை 650 டாலர். அதை டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் விப்பாங்களாம். நோயாளிக்குத் தரமாட்டாங்களாம். அவர் மனைவி டாக்டர். மனைவி பேர்ல வாங்கினார்.

தினமும் பல தடவை தன் ரத்தத்தைத் தானே பார்த்து எழுதினார். எதுல ஏறுது, எதுல இறங்குதுன்னு கண்டுபிடிச்சு சாப்பாட்டையும் ஊசியையும் சீர்பண்ணினார். இதை எழுதி மருத்துவப் பத்திரிகைகளுக்கு அனுப்பினா, டாக்டர் இல்லாதவர் எழுதினதுன்னு போடலை. மனுஷன் விடலை. 1979-இல் 45 வயசுல மருத்துவக் கல்லூரியில சேர்ந்து, 1983-லிருந்து டாக்டராவே வேலை பார்த்தார். 2025-இல் 90 வயசுல காலமானார். சின்ன வயசுல சர்க்கரை வந்தவர் 90 வயசு வரைக்கும் இருந்திருக்கார். இன்னிக்கு நம்ம வீட்டு அலமாரியில அந்த மெஷின் உள்ளங்கை அளவுல இருக்கு. நோயாளி தானே அளந்து பார்க்கலாமாங்கிற கேள்வியே இப்போ இல்லை.

நாம எல்லாரும் டாக்டருக்குப் படிக்க வேண்டியதில்லை. அவர் முதல்ல செய்தது படிப்பு இல்லை. அளந்தார், எழுதினார், ஒப்பிட்டார். அது நமக்கும் முடியும். குழுக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாம எழுதுற கை நம்ம கை.

குழுவில் 10 நிமிஷம்

தனியா ஒருத்தி கத்துக்கிறதைவிட, பத்துப் பேர் சேர்ந்தா சீக்கிரம் கத்துக்கலாம். அதே அமெரிக்காவுல, கேட் லோரிக்னு ஒரு அம்மா, நர்ஸா இருந்து ஆராய்ச்சிக்குப் போனவங்க, நாள்பட்ட நோய் உள்ளவங்களையே பயிற்சி கொடுக்கிறவங்களா வெச்சு ஒரு பயிற்சி ஏற்படுத்தினாங்க. வாரம் இரண்டரை மணி நேரம், 6 வாரம். இங்கிலாந்துலயும் 2002-இல் அரசே அதை எடுத்து நடத்திச்சு. அவங்க புதுசா ஆளைக் கூட்டி வட்டமா உட்கார வெச்சாங்க. நாம ஏற்கெனவே வாரா வாரம் வட்டமாத்தானே உட்கார்ந்திருக்கோம்!

நம்ம தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துல மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினப்போ, வீடு வீடாப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்க மகளிர் குழுப் பெண்களைத்தான் தன்னார்வலரா எடுத்தாங்க. அப்படி வந்த ஒரு தங்கச்சி என் நோட்டைப் பார்த்துட்டு, "அக்கா, இதே மாதிரி எல்லாரும் எழுதினா எனக்கு எவ்வளவு சுலபம்"னா. அந்த வார்த்தைதான் என்னை இங்கே பேச வெச்சது.

அதனால நான் இந்தக் கூட்டத்துல ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஒவ்வொரு குழுவும் கூட்டத்துல சேமிப்பு, கடன் கணக்கு முடிஞ்ச பிறகு 10 நிமிஷம் உடம்புக் கணக்குக்கு ஒதுக்கணும். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு, எது இருந்தாலும் சரி. "இந்த வாரம் என்ன கவனிச்சே?"ன்னு ஒரே கேள்வி. சொல்றவங்களை யாரும் சிரிக்கக் கூடாது. அங்கே மாத்திரையைக் கூட்டச் சொல்லவோ, நிறுத்தச் சொல்லவோ கூடாது. கேட்டு எழுதிக்கணும். எழுதினதை டாக்டர்கிட்ட கொண்டுபோகணும்.

நோயை மறைக்கிறதையும் விடணும். மகளுக்கு வரன் தட்டிப்போகும்னு நானே மூணு வருஷம் மறைச்சேன். வயல்ல விழுந்த அன்னிக்கு என் பக்கத்துல இருந்தவங்க பாதிப் பேருக்கு எனக்குச் சர்க்கரைன்னே தெரியாது. அந்தப் பெரியம்மா அன்னிக்கு வேலைக்கு வராம இருந்திருந்தா, இந்த மேடையில நான் இல்லை.

எங்க அத்தை 2009-இல் போயிட்டாங்க. கடைசி வரைக்கும் ஒத்தைக் கால்தான். இன்னிக்கு நான் தினமும் ராத்திரி படுக்கப் போகும்போது கண்ணாடியைத் தரையில வெச்சு என் பாதத்தைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் "தரை தெரியலைடி"ன்னு அவங்க சொன்னது காதுல விழும். உங்க வீட்ல யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டு இருக்கலாம். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அவங்க பக்கத்துல உட்கார்ந்து, "இன்னொரு தடவை சொல்லுங்க, எப்படி இருக்கு?"ன்னு கேளுங்க.



(உரைக்குப் பின் உறுப்பினர்களின் கைத்தட்டலுடன் கோரிக்கை ஏற்கப்பட்டு, தீர்மான நோட்டில் பதிவு செய்யப்பட்டது.)

நினைவில் வையுங்கள்

1. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத கோபம், பேச்சுக் குளறல் ஆகியவை சர்க்கரை இறங்கியதன் அடையாளங்களாக இருக்கலாம். 70-க்குக் கீழே போனால் குறைவு.

2. விழுங்க முடிந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மீண்டும் கொடுங்கள். சரியானதும் உணவு கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

3. விரலைக் குத்தும் ஊசியையும், ஊசி வைக்கும் பேனாவையும் ஒருவருக்கொருவர் மாற்றிப் பயன்படுத்தக் கூடாது. ரத்தத்தின் வழியே மஞ்சள் காமாலைக் கிருமி பரவும்.

4. ஸ்ட்ரிப் டப்பாவை எப்போதும் மூடி வையுங்கள். ஈரம் பட்டால் தவறான அளவு காட்டும். காலாவதி தேதியையும் பாருங்கள்.

5. விரதம் இருப்பதற்கு முன் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

6. வயலிலும் வீட்டிலும் செருப்பு அணியுங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தை வெந்நீரில் வைக்காதீர்கள். தினமும் பாதத்தைப் பாருங்கள்.